சட்டையும் சாயலும்

கலப்புப் பிறப்பினர் தம்மைத் தாமே படமெடுத்த கலை பற்றிய ஓர் ஆராய்ச்சி

(தஞ்சோங் மாலிம் தோட்டக் கிராணியார் ஒருவர் எழுதுவது)

மனிதன் தன் கையைக் காணலாம். தன் காலைக் காணலாம். தன் முகத்தை மட்டும் தன் கண்ணாற் காணுதல் இயலாது. அதற்கு ஒரு நீர்நிலையோ, ஒரு கண்ணாடியோ, பிறர் வாய்ச்சொல்லோ வேண்டும். "நீ உன் பாட்டனை உரித்து வைத்தாற் போலிருக்கிறாய்", "உன் மூக்கு உன் தாயின் மூக்கு" என்று பிறர் சொல்லச் சொல்லவே நாம் நம் முகத்தை அறிந்துகொள்ளுகிறோம். ஒளிப்படக் கருவி தோன்றிய பிறகு இந்தப் பிறர் வாய்ச்சொல்லுக்குப் பெரும் வலிமை ஏற்பட்டது. சொன்னது காற்றோடு போகும். படம் பெட்டியில் நிற்கும். ஆதலின், படத்தை எடுப்பவர் யார், எடுக்கப்படுபவர் யார் என்பது கலையைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அதிகாரத்தைப் பற்றிய கேள்வியுமாகும்.

தன்னைத் தானே படமெடுத்துக்கொள்பவர் இவ்விரண்டு நிலைகளையும் ஒருங்கே வகிக்கிறார். பார்ப்பவரும் அவரே, பார்க்கப்படுபவரும் அவரே. அவ்வாறு எடுத்துக்கொள்பவர் ஒரு பக்கம் ஆசிய மண்ணுக்கும் மறுபக்கம் ஐரோப்பாவுக்கும் உரிய கலப்புக் குடும்பத்திற் பிறந்தவராயின், அவர் படம் மேலும் ஒரு வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். "நீ யாருடைய ஆள்?" என்பதே அவ்வினா. இதற்கு இந்தியாவில் ஒரு குடும்பத்தார் மூன்று தலைமுறையாக விடை சொல்ல முயன்றிருக்கின்றனர். பஞ்சாபைச் சேர்ந்த உமராவ் சிங் ஷெர்கில், அவர் மகள் அம்ரிதா ஷெர்கில், அம்ரிதாவின் தங்கை மகன் விவான் சுந்தரம் ஆகிய மூவரே அவர்கள். மூன்றாமவர் தந்தை வழியில் தமிழர். ஆகவே இஃது அயலார் கதையன்று. அம்மூவர் முயற்சி எவ்வளவு தூரம் சென்றது, எவ்விடத்தில் நின்றது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல் பிடித்த கருவி

ஒளிப்படக் கருவி கீழ்நாடுகளுக்கு வந்தபொழுது இரண்டு வேலைகளை மேற்கொண்டது. செல்வர் வீட்டுக் கூடத்தை அலங்கரிப்பது ஒன்று; ஆளப்படும் மக்களை வகைபிரித்து அடுக்குவது மற்றொன்று. இரண்டாவது வேலையில் அது சுங்கச்சாவடிச் சேவகனைப் போல நடந்துகொண்டது. "இந்திய மக்கள்" என்னும் பெயரில் 1868 முதல் 1875 வரை 8 தொகுதிகள் அரசாங்கச் சார்பில் வெளிவந்தன. அவற்றிற் பெரும்பாலான முகங்களின் கீழே காணப்படுவது ஆளின் பெயரன்று, சாதியின் பெயரே. 1869 இல் லாம்ப்ரே என்னும் ஆங்கிலேயர் ஒரு மரச்சட்டத்திலே இரண்டங்குலக் கட்டங்களாக நூல் கட்டி, அதன்முன் ஆடையின்றி ஆளை நிறுத்திப் படமெடுக்கும் முறையை வகுத்தார். 1890களில் அந்தமான் தீவுகளில் போர்ட்மன் என்னும் அதிகாரி, கட்டம் போட்ட திரைக்கு முன்னால் அத்தீவுகளின் பழங்குடி மக்களை நிறுத்திப் படமெடுத்தார். மாட்டுச் சந்தையில் மாட்டின் திமிலையும் பல்லையும் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை யாது? மாட்டை விலைக்கு வாங்குகிறவன் அதனை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தீனி போடுவான். இவர்கள் அதுவுஞ் செய்யவில்லை.

தமிழ்நாட்டில் இத்தொழிலுக்குப் பேர்போனவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த இவர், அளவுக் கருவியையும் ஒளிப்படக் கருவியையும் தூக்கிக்கொண்டு ஊரூராகச் சென்றார். ரங்காச்சாரி என்பார் துணையோடு இவர் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் 1909 இல் 7 தொகுதிகளாக வெளிவந்தது. நமக்கு வேண்டிய செய்தி ஒன்று அதில் உண்டு. தோடர், காடர், மலையாளி, பறையர் என்று வரிசைப்படுத்திய அந்நூலிலே "யூரேசியர்" என்றும் ஒரு தலைப்பு இருக்கிறது. ஐரோப்பியத் தந்தையர் வழியும் இந்தியத் தாய்மார் வழியும் கலந்து பிறந்தவர்களையும் தர்ஸ்டன் விடவில்லை. அவர்களுடைய மூக்கையும் அளந்தார், தோலின் நிறத்தையுங் குறித்தார். ஆளும் இனத்தின் குருதி பாதி உடம்பில் ஓடியும் அவர்கள் அளக்கும் பக்கத்தில் நிற்கவில்லை. அளக்கப்படும் பக்கத்திலேயே நின்றார்கள்.

நம் மலாயாவிலும் இது நடந்தது. 1867 இல் சிங்கப்பூரில் தொழில் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் கம்பெனியார் இத்தீபகற்பத்தின் பல இன மக்களையும் "வகை"களாகப் படமெடுத்து விற்றனர். கப்பலேறிய வெள்ளையர் அவற்றை ஊருக்கு வாங்கிச் சென்றனர். தமிழரும் அவ்வகைகளுள் ஒன்று. நம் பாட்டன்மார் முகங்கள் எங்கோ ஒரு சீமையில் பெயரற்ற அட்டையாகக் கிடக்கக்கூடும் என்பதை எண்ணும்போது, தன்னைத் தானே படமெடுப்பது வீண் ஆடம்பரமன்று என்பது விளங்கும்.

இங்கே நம் மொழியின் ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். கலப்புப் பிறப்பினரை ஆங்கிலம் குருதியை வைத்து "யூரேசியர்" என்றது. மலாய் மொழி சமயத்தை வைத்துச் "செரானி" என்றது. இலங்கைத் தமிழ் "பறங்கியர்" என்றது. தமிழ்நாட்டுத் தெருவோ "சட்டைக்காரர்" என்று பெயர் சூட்டியது. குருதியைக் கண்டவர் எவர்? சட்டையைத்தான் எல்லோருங் காண்கிறார்கள். கேலியாகப் பிறந்த சொல்லே எனினும், அதில் ஓர் உண்மை இருக்கிறது. ஒருவரை இன்னாரென்று ஊர் முடிவு செய்வது பெரும்பாலும் அவர் உடுத்தியிருப்பதைக் கொண்டுதான். ஒளிப்படமும் காட்டுவது சட்டையையே. குருதியைக் காட்டும் ஆற்றல் அதற்கில்லை. இதனை நன்கறிந்து பயன்படுத்தியவர் உமராவ் சிங்.

சட்டையைக் கழற்றியவர்

உமராவ் சிங் 1870 இல் பிறந்து 1954 இல் மறைந்தவர். மஜீத்தியா என்னும் செல்வக் குடியினர். வடமொழியும் பாரசீகமுங் கற்றவர், வானநூலில் விருப்பமுடையவர், யோகப் பயிற்சி செய்தவர். 1912 இல் ஹங்கேரி நாட்டுப் பாடகி மரீ அந்துவானெத்தை மணந்தார். மூத்த மகள் அம்ரிதா 1913 இல் புடாபெஸ்டில் பிறந்தார். இளையவர் இந்திரா 1914 இல் பிறந்தார். முதல் உலகப் போர் குடும்பத்தை ஹங்கேரியிலேயே நிறுத்திவிட்டது. 1921 இல் சிம்லா வந்தனர். 1929 முதல் 1934 வரை பாரிசில் வாழ்ந்தனர். இந்த அலைச்சல்களினூடே, 1889 அளவில் தொடங்கி ஏறத்தாழ 60 ஆண்டுகள், உமராவ் சிங் இடைவிடாது படமெடுத்தார். மனைவியையும் மக்களையும் எடுத்தார். எல்லோரினும் மிகுதியாகத் தம்மையே எடுத்தார்.

அப்படங்களில் ஒரே மனிதர் பலராக நிற்கிறார். தலைப்பாகையும் ஐரோப்பியக் கோட்டும் அணிந்த கனவானாக ஒரு படத்தில். நூல்களின் நடுவே ஆழ்ந்திருக்கும் புலவராக வேறொன்றில். நீண்ட கூந்தலை அவிழ்த்துவிட்டு, அரையில் ஒரு துணியோடு, விலா எலும்பு தெரியும் துறவியாக மற்றொன்றில். ஐரோப்பிய நகரத்து அறையொன்றில் ஓர் இந்தியர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தம் உடம்பைத் தாமே படமெடுத்தார் என்பது சிறிய செய்தியன்று. அதே அரைநிர்வாண உடம்பைத்தான் லாம்ப்ரேயின் நூற்கட்டமும் போர்ட்மனின் திரையும் தேடின. அங்கே நின்றவரை நிற்கச் சொன்னது ஓர் அதிகாரம். இங்கே நின்றவர் தாமே நின்றார். உடம்பு ஒன்றே போலத் தோன்றினும் படம் வேறாகிவிட்டது.

உமராவ் சிங் கலப்புப் பிறப்பினரல்லர் என்பது உண்மை. எனினும் கலப்புக் குடும்பத்தின் தலைவராக அவர் ஒரு வழியை வகுத்துக் கொடுத்தார். மரீ அந்துவானெத் ஒரு படத்தில் மேல்நாட்டு மாலையுடையில் இருப்பார். வேறொரு படத்தில் சேலையில் இருப்பார். பெண்மக்கள் இருவரும் அவ்வாறே. எது வேடம், எது மெய் என்று அப்படங்கள் சொல்வதில்லை. இரண்டும் வேடம் எனலாம். இரண்டும் மெய் எனலாம். "சட்டைக்காரர்" என்று பெயரிட்ட தெருவுக்கு அக்குடும்பம் சொன்ன விடை, "எங்களிடம் ஒரு சட்டை மட்டும் இல்லை" என்பதே.

அம்ரிதா எடுத்த வேடம்

அம்ரிதா ஓவியர், கருவியைத் தொட்டதை விடத் தூரிகையைத் தொட்டதே மிகுதி. ஆயினும் தன்னுருவம் பற்றிய ஆராய்ச்சியில் அவருடைய ஓர் ஓவியத்தைத் தவிர்க்க முடியாது. 1934 இல் தம்மைத் தாஹிதித் தீவுப் பெண்ணாக அவர் தீட்டினார். இடைக்கு மேல் ஆடையில்லை. கைகள் முன்னே கட்டப்பட்டிருக்கின்றன. பின்னே ஓர் ஆணின் நிழல் படிந்திருக்கிறது. அவர் அத்தீவைக் கண்டவரல்லர். 1891 இல் அங்கே சென்ற பிரெஞ்சு ஓவியர் கோகேன் அத்தீவுப் பெண்களைத் தீட்டிய ஓவியங்களையே கண்டிருந்தார்.

இவ்வோவியத்தை வியந்து புகழ்வோர் பலர். நாமும் அதன் துணிவை மதிக்கிறோம். பாரிசிலே பாதி இந்தியப் பெண்ணாக நின்ற அம்ரிதாவை அந்நகரம் ஒரு கீழ்நாட்டு விந்தையாகப் பார்த்தது. "விந்தையாகத்தானே பார்க்கிறீர்கள்? நானே அவ்விடத்தில் அமர்ந்து, நானே தீட்டுகிறேன்" என்று அவர் பதில் அளித்தாற்போல் இருக்கிறது. அந்த நிழல் பார்ப்பவனுடைய நிழல். படத்துக்கு வெளியே மறைந்து நிற்பவனை அம்ரிதா படத்துக்குள் இழுத்துக் காட்டிவிட்டார். இது பெரிய வெற்றி. ஆயினும் இதில் ஒரு கடனும் உண்டு. தாஹிதிப் பெண்ணின் பெயரை அவர் கடன் வாங்கினார். அவளுக்கு என்ன திருப்பிக் கொடுத்தார்? அவள் இன்னும் பெயரில்லாதவளாகவே நிற்கிறாள். ஒடுக்கப்பட்ட ஒருவரின் உருவைத் தன் விடுதலைக்கு உடையாக அணியும் எவரும் இக்கேள்விக்குத் தப்ப முடியாது.

1937 தொடக்கத்தில் அம்ரிதா தென்னாட்டைச் சுற்றினார். கன்னியாகுமரி வரையிற் சென்றார். திரும்பிய பின், அவ்வாண்டிலேயே மணமகளின் ஒப்பனை, பிரமசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்திய ஊரார் என்னும் மூன்று பெரிய ஓவியங்களைத் தீட்டினார். நம் கரிய மேனியை அழகென்று கண்டு தீட்டிய கண் அது. 1941 டிசம்பரில், 28 வயதில், லாகூரில் அவர் இறந்தார்.

காலங்களை ஒன்றாக்கிய படங்கள்

அம்ரிதா இறந்து ஒன்றரை ஆண்டு கழிந்து, 1943 மே மாதம் சிம்லாவில் விவான் சுந்தரம் பிறந்தார். தாய் இந்திரா; தந்தை கே. வி. கே. சுந்தரம் என்னும் தமிழர். இவரே 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர். பெரியம்மாவை விவான் ஒருநாளும் கண்டதில்லை. பாட்டனை 11 வயது வரை கண்டிருக்கிறார். அவருக்குக் குடும்பச் சொத்தாக வந்தவை பாட்டன் எடுத்த படங்கள். 2001, 2002 ஆம் ஆண்டுகளில் அப்படங்களைக் கணிப்பொறியில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, "ரீடேக் ஆஃப் அம்ரிதா" என்னும் கறுப்பு வெள்ளைத் தொடரை ஆக்கினார். மறுபடியும் எடுத்த அம்ரிதாவின் படம் என்பது அதன் பொருள். 2023 மார்ச்சில் விவான் மறைந்தார். இத்தொடர் அவர் புகழை நிலைநிறுத்திய படைப்புகளுள் ஒன்றாக நிற்கிறது.

இத்தொடரில் என்ன நிகழ்கிறது? வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நாடுகளில் எடுத்த உருவங்கள் ஓர் அறைக்குள் வந்து அமர்கின்றன. சேலையுடுத்த அம்ரிதாவும் ஐரோப்பிய உடையிலுள்ள அம்ரிதாவும் ஒரே படத்திற் காணப்படுகின்றனர். பாட்டன் தம் இளமையோடும் முதுமையோடும் மகளருகே நிற்கிறார். நிலைக்கண்ணாடிக்குள் வேறொரு ஊரின் முகம் தெரிகிறது. இத்தகைய காட்சி எந்நாளும் நிகழ்ந்ததன்று. ஆனாற் பார்ப்பவர் உள்ளம் அதனைப் பொய்யென்று தள்ளுவதில்லை. ஏனெனில் நினைவு என்பது அவ்வாறுதான் வேலை செய்கிறது.

இத்தொடரின் சிறப்பு யாது? கலப்புப் பிறப்பினரைப் பற்றி உலகம் எப்பொழுதும் பின்னக் கணக்கிலேயே பேசுகிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று நம் பழைய வாய்பாடு சொல்வதைப் போல, அம்ரிதா அரைப் பஞ்சாபி, அரை ஹங்கேரியர். விவான் அரைத் தமிழர், கால் பஞ்சாபி, கால் ஹங்கேரியர் என்று கணக்கிட்டு விடலாம். தர்ஸ்டனின் அளவுகோலும் இக்கணக்கையே போட்டது. இத்தொடரோ பின்னத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே பாதி அம்ரிதா எவரும் இல்லை. முழு அம்ரிதாக்கள் இருவர் இருக்கின்றனர். கலப்பினால் மனிதர் குறைவதில்லை, பெருகுகிறார் என்று அப்படங்கள் வாதமின்றிக் காட்டிவிடுகின்றன. இக்கருத்தை எத்தனை சொற்பொழிவு ஆற்றினாலும் இவ்வளவு எளிதில் நாட்ட முடியாது.

"விவான் தம் முகத்தைக் காட்டவில்லையே, இதனைத் தன்னுருவப் படம் என்பது எப்படி?" என்று சிலர் கேட்கலாம். தன்னுருவம் தன் முகத்திலே முடிந்துவிடுவதன்று. தனக்கு முன்னே சென்றவர்களைத் தன் கையால் மறுபடி அடுக்குகிறவன் தன்னையே அடுக்குகிறான். எவரை எவரருகே வைக்கிறான், எவரை விலக்குகிறான் என்பதிலே அவன் முகம் தெரிந்துவிடும். அவ்வாறு தெரியும் முகத்தைத்தான் இனி ஆராயவேண்டும்.

சட்டகத்துக்கு வெளியே

முதலாவதாக, இத்தொடரின் நடுவில் நிற்போர் அனைவருந் தாய்வழியினர். தந்தைவழித் தமிழ்ப் பாதி இதற்குப் பொருளாகவில்லை. தமிழர் என்ற முறையில் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. பாட்டன் எடுத்த படங்களைக் கொண்டு ஆக்கியது பாட்டனைப் பற்றியதாகவே இருக்கும். ஆயினும் இதிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகிறது. படம் எந்தக் கிளையில் மிகுதியாகக் கிடைக்கிறதோ, அந்தக் கிளையே "என் மரபு" என்று நிற்கத் தொடங்குகிறது. கருவி வைத்திருந்தவர் வம்சம் நினைவில் நிற்கும். கருவி இல்லாதவர் வம்சம் நிழலாகிப் போகும். குருதியில் சரிபாதி இருந்தென்ன? பெட்டியிலே சரிபாதி இல்லையே!

இரண்டாவது, செல்வம் பற்றியது. இத்தொடரிலுள்ள ஒரு படத்துக்கு "பூர்ஷ்வாக் குடும்பம்" என்னும் பொருள்படவே விவான் பெயர் வைத்தார். தம் வீட்டாரின் வகுப்பை மறைக்காத நேர்மை அது. ஆனால் நேர்மையாற் படத்தின் எல்லை விரிந்துவிடாது. பஞ்சாபுச் சீமான் ஒருவர் ஐரோப்பியப் பாடகியை மணந்தால் உலகம் அதனைக் காதற்காவியம் என்கிறது. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவன் அத்தோட்டத்துப் பெண்ணிடம் பிள்ளை பெற்றால் அதே உலகம் அதனை இழுக்கு என்று மூடி வைக்கிறது. கலப்பு இரண்டிலும் ஒன்றே. நிலைக்கண்ணாடி ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்தில் இல்லை; அவ்வளவே வேற்றுமை.

இதற்குச் சான்று வேண்டுவோர் காலிம்போங்கைப் பார்க்கலாம். இமயத்தின் அடிவாரத்திலுள்ள அவ்வூரில் 1900 இல் ஜான் ஆண்டர்சன் கிரஹாம் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஓர் இல்லம் தொடங்கினார். அசாம், டார்ஜிலிங் தோட்டங்களின் வெள்ளைத் துரைமாருக்கும் அப்பகுதிப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை வளர்ப்பதற்காகவே அது ஏற்பட்டது. 1908 முதல் 1938 வரை அங்கு வளர்ந்த இளைஞரும் பெண்களுமாக 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். தந்தையின் பெயரேனும் பலருக்குக் கிடைத்தது. தாயோ பலருக்கு ஒரு மௌனமாகிவிட்டாள். அங்ஙனம் சென்ற ஒருவரின் பேத்தியாகிய ஜேன் மெக்கேப் என்னும் வரலாற்றாசிரியர் பல ஆண்டுகள் உழைத்து அம்மக்களின் கதையைத் திரட்டி நூல்களாக வெளியிட்டிருக்கிறார். அப்பிள்ளைகளுக்குப் படங்கள் உண்டு. ஆயினும் அவை அவர்களைப் பிறர் எடுத்த படங்கள். சேலையுடுத்த தானும் கவுன் அணிந்த தானும் அருகருகே அமரும் படத்தை எடுத்துக்கொள்ள அவர்களுள் எவருக்கு வாய்ப்பு இருந்தது?

ஆகவே நாம் கொள்ளவேண்டிய அளவுகோல் இதுவே: கலப்பு மரபைக் காட்டும் தன்னுருவப் படம், காட்டுபவரின் முழுமையை மட்டும் நிலைநாட்டினாற் போதாது; கருவியில்லாத பக்கத்து முன்னோருக்கும் ஓர் இடத்தை விட்டு வைத்திருக்க வேண்டும். குறைந்த அளவு, அவ்விடம் வெறுமையாய் இருக்கிறது என்பதையாவது காட்டவேண்டும். ஷெர்கில் குடும்பத்தின் படங்கள் முதற்பாதியில் முழுவெற்றி பெறுகின்றன, மறுபாதியைத் தொடுவதில்லை.

அளக்கப்பட்டவளின் இருக்கை

மறுபாதியைத் தொட முயன்ற ஒரு தொடரை ஈண்டு ஒப்பிட்டுக் காணலாம். பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா என்பவரும், தென்னிந்தியாவில் வாழ்ந்துவரும் பிரிட்டானிய ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னி என்பவரும் சேர்ந்து, 2000 முதல் 2004 வரை "தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்: வழக்க ஒழுக்கங்கள்" என்னும் பொருளில் ஒரு தொடரை ஆக்கினர். ரவி வர்மாவின் இலட்சுமியாகவும், திரைப்பட நாயகியாகவும், நீலகிரித் தோடர் குலப் பெண்ணாகவும், கட்டம் போட்ட திரைக்குமுன் அளக்கப்படும் பெண்ணாகவும் புஷ்பமாலாவே வேடமிட்டு நிற்கிறார். போர்ட்மனின் திரை நூறாண்டு கழித்து மீண்டும் தொங்குகிறது.

இது கலப்புப் பிறப்பினர் கதையன்று. ஆனால் இந்தியப் பெண் ஒருத்தியும் வெள்ளைப் பெண் ஒருத்தியும் ஒரே படத்தின் ஆசிரியர்களாக நின்ற கதை. அளப்பவர் இனமும் அளக்கப்படுபவர் இனமும் பழைய பகையை ஒரு நாடகமாக்கிச் சிரிக்கின்றனர். "வகை" என்பது திரை, உடை, நிற்கும் நிலை ஆகியவற்றாற் கட்டிய பொய் என்பது ஒரே பார்வையில் வெளியாகிவிடுகிறது. அம்ரிதாவுக்குச் சொன்ன மறுப்பு இவருக்கும் பொருந்தாதோ எனின், ஓரளவு பொருந்தும். நாடகம் முடிந்தபின் புஷ்பமாலா அந்த இருக்கையை விட்டு எழுந்து போகலாம். தோடர் பெண்ணுக்கோ அந்தமான் பெண்ணுக்கோ அவ்வுரிமை இருந்ததில்லை. ஆயினும் இத்தொடர் தன் நாடகத்தை நாடகமென்றே காட்டிக்கொள்ளுகிறது; கடன் வாங்கியதை மறைக்கவில்லை. அவ்வகையில் இது ஓரடி முன்னே நிற்கிறது.

நம் பத்திரங்களும் நம் பெட்டிகளும்

இவையெல்லாம் டில்லியிலும் பெங்களூரிலும் உள்ள கலைக்கூடத்துச் செய்திகள், பேராக் தோட்டத்தானுக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்போர் உண்டு. ஆவது மிகுதி. நம் நாட்டிலும் அரசாங்கத்தின் கருவி நம் முகத்தை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 1948 இல், அவசரகாலச் சட்டத்தின் கீழ், 12 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை ஏற்பட்டது. தோட்டத்துத் தமிழர் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதற்படம் அதுவாகவே இருந்திருக்கும். 1952 இல் இந்தத் தஞ்சோங் மாலிம் ஊரார் மீது நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டைக் குறைத்து, வீடுதோறும் வினாத்தாள் கொடுத்த வரலாற்றைப் பெரியவர்கள் நமக்குச் சொல்லியிருக்கின்றனர். முகம் அட்டையாக மாறியபின் அட்டையில்லா முகத்துக்கு மதிப்பில்லை என்பதை இவ்வூர் அறியும். 2001 இல், விவான் தம் தொடரைத் தொடங்கிய அதே ஆண்டில், மலேசியாவில் மைகாட் வந்தது. ஒரே கணிப்பொறி, ஓரிடத்தில் ஒருவரைப் பலராக்கிக் காட்டியது, மற்றோரிடத்தில் ஒவ்வொருவரையும் ஓர் எண்ணாக்கியது.

பத்திரங்களில் "இனம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், லாயின்-லாயின். தமிழ்த் தாய்க்கும் சீனத் தந்தைக்கும் பிறந்த பிள்ளை, தமிழ்த் தந்தைக்கும் பழங்குடித் தாய்க்கும் பிறந்த பிள்ளை, செரானிப் பாட்டியையுடைய பிள்ளை எல்லோரும் அக்கட்டத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். வழக்கமாகத் தந்தையின் இனம் எழுதப்படுகிறது. தாய் கட்டத்துக்கு வெளியே நிற்கிறாள். செக்ரோலில் பெயரெழுதுவது என் அன்றாடத் தொழில். ஒரு பத்தியின் தலைப்பு எத்தனை உயிர்களை நெருக்கிவிடும் என்பது அத்தொழில் செய்வார்க்குத் தெரியும்.

அரசாங்கத்தை மட்டுங் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீடுகள் என்ன செய்கின்றன? வரன் பார்க்கப் பெண்ணின் படம் அனுப்பும்போது நிறத்தை வெளுப்பாக்கச் சொல்லிப் படக்கடைக்காரரை வற்புறுத்துகிறோம். கரிய பாட்டியின் படத்தைக் கூடத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். "அது கலப்பு" என்று சீனத் தாயின் பிள்ளையைப் பந்தியில் ஒதுக்குகிறோம். பாலில் நீர் கலந்தால் அது கலப்படம். மனிதரோடு மனிதர் கலந்தால் அதற்கும் அச்சொல்லையே வீசுகிறோம். நம் வயிற்றை நிரப்பிய இரப்பர் மரம் எந்த ஊர்த் தூய சாதி? பிரேசில் நாட்டு விதை 1876 இல் இலண்டனுக்குப் போய், 1877 இல் சிங்கப்பூருக்கு வந்து, 9 கன்றுகளாகக் கோலகங்சாரில் ஊன்றப்பட்டது. அதன்பின் ஒன்றன் வேரில் மற்றொன்றன் மொட்டை ஒட்டுக்கட்டியே நிறையப் பால் தரும் மரத்தை உண்டாக்கினார்கள். ஒட்டுமரத்தின் பாலை விற்றுக் கூலி வாங்கிய கை, ஒட்டுறவில் பிறந்த பிள்ளையைத் தள்ளலாமா?

கலப்பு மணத்தைப் பேச்சிலே வரவேற்பது எளிது. அம்மணத்தில் பிறந்த பிள்ளையிடம் அவன் முகத்தின் கதை முழுவதையுங் கொடுப்பதே கடினம். இன்று ஒவ்வோர் இளைஞர் கையிலும் தன்னைத் தானே படமெடுக்கும் கருவி இருக்கிறது. உமராவ் சிங்குக்கு 60 ஆண்டில் வாய்த்த படங்களை அவர்கள் ஒரு மாதத்தில் எடுத்துவிடுகின்றனர். கருவி பெருகிவிட்டது, கேள்வி பெருகவில்லை. அழகாகத் தெரிகிறேனா என்று கேட்கிறார்கள். எவருடைய சாயல் என்னிடம் தெரிகிறது என்று கேட்பதில்லை.

இளைஞர்களே, வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பழைய படங்களை வெளியே எடுங்கள். இருக்கும் பெரியவர்களைக் கேட்டு ஒவ்வொன்றின் பின்னும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். தாயின் பெயரையும் தாயின் தாயின் பெயரையும் விடாது எழுதுங்கள். பழைய படக்கடைகள் மூடப்படும் முன் அங்குக் கிடக்கும் படச்சுருள்களைக் கேட்டு வாங்குங்கள். அப்படங்களின் அருகே உங்கள் முகத்தை வைத்துப் படமெடுங்கள். படமே இல்லாத முன்னோருக்கு ஒரு வெற்றிடம் விட்டு, அதில் அவர் பெயரை மட்டும் எழுதி வையுங்கள். பெயரும் இல்லையெனில், "இங்கே ஒரு தாய் இருந்தாள்" என்றாவது எழுதுங்கள். தர்ஸ்டனின் 7 தொகுதிகளாலும் எழுத முடியாத வரி அது.